பழைய கார்களும் பாவித்த பாகங்களும்: வளைகுடாவின் புகைச் சோதனை எழுப்பும் கேள்விகள்

வளைகுடா நாடுகளில் தொழில் புரியும் எமது மக்களுள் பழைய கார் ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்போர் ஆண்டுதோறும் மனக்கலக்கத்தோடு எதிர்கொள்ளும் நாள் ஒன்று உண்டு. ஐக்கிய அரபு இராச்சியத்திலும் ஓமானிலும் முல்கியா என்று வழங்கப்படும் வாகனப் பதிவுப் பத்திரத்தைப் புதுப்பிக்கும் நாளே அது. சவூதி அரேபியாவிலும் கட்டாரிலும் அதே பத்திரத்தை இஸ்திமாரா என்பர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றுதான். வாகனம் சோதனையில் தேறினால் வீதியில் ஓடலாம். தேறாவிட்டால் ஓட முடியாது.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் புதிய தனியார் காருக்கு முதல் மூன்று ஆண்டுகள் இச்சோதனை இல்லை. அதன் பின்னர் ஆண்டுக்கொரு முறை வண்டியைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். டுபாயில் தஸ்ஜீல், ஷாமில் முதலிய நிலையங்களும், அபுதாபியில் அட்நொக் நிறுவனத்தின் நிலையங்களும் இப்பணியைச் செய்கின்றன. தடுப்பு, ரயர், விளக்கு, அடிச்சட்டம் ஆகியவற்றோடு வண்டி வெளிவிடும் புகையும் சோதிக்கப்படுகிறது.

டுபாயில் வீட்டு வாடகை கட்டுபடியாகாமல் ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் குடியிருந்து, நாள்தோறும் டுபாய்க்கு வேலைக்குச் சென்று மீளும் பல்லாயிரம் பேருக்குப் பழைய கார் ஆடம்பரப் பொருள் அன்று. அது சம்பளத்தைத் தேடித்தரும் கருவி. ஆகவே, புகைச் சோதனையில் வண்டி தவறிவிட்டது என்று அறிந்ததும் அவர்கள் தேடிச் செல்வது புதிய பாகங்கள் விற்கும் கம்பனிக் கடையை அல்ல. ஷார்ஜா கைத்தொழிற் பகுதியிலுள்ள பாவித்த உதிரிப் பாகச் சந்தையைத்தான். அங்கு வாங்கும் பாகம் உண்மையில் புகையைக் குறைக்கிறதா, அல்லது சோதனை நிலையத்தின் கண்ணை மட்டும் மறைக்கிறதா என்பதே இக்கட்டுரை ஆராய விரும்பும் கேள்வி.

புகைப்பனியின் கதை

வாகனப் புகை பற்றிய சட்டங்கள் யாவற்றுக்கும் தாயகம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் எனலாம். 1943 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரிச்சலூட்டும் மூட்டம் ஒன்று கவிந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலமாகையால், எதிரி நாட்டின் நச்சுவாயுத் தாக்குதலோ என்று மக்கள் ஐயுற்றனர். ஒல்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் பணிபுரிந்த இரசாயன விஞ்ஞானி ஆரி ஹாகன்-சிமிற் என்பவர், 1950களின் தொடக்கத்தில் அம்மூட்டத்தின் மூலத்தை விளக்கிக் காட்டினார். கார்களின் புகைக்குழாயிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வெளியேறும் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் கடும் சூரிய ஒளியில் ஒன்றோடொன்று தாக்கமுற்று ஓசோன் வாயுவை உருவாக்குகின்றன என்பதே அவரது கண்டுபிடிப்பு. வானின் உயரத்தில் எம்மைக் காக்கும் ஓசோன், நிலத்தருகே நுரையீரலை அரிக்கும் நஞ்சாகிறது.

இந்த இரசாயனத்துக்கு வேண்டிய வெயில் வளைகுடாவில் ஏராளமாக உண்டு. கோடையில் 45 பாகை செல்சியசையும் கடக்கும் வெப்பம், மேகமற்ற வானம், அடுக்கடுக்காக நகரும் வாகனங்கள் ஆகிய மூன்றும் அங்கு ஒன்றுகூடுகின்றன. பாலைவனத் தூசியும் சேர்ந்துகொள்வதால் எது மணல், எது புகை என்று கண்ணால் பிரித்தறிவது அரிது. 1991 ஆம் ஆண்டில் குவைத்தின் 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் எரிந்து, அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் கடைசிக் கிணறு அணைக்கப்படும் வரை வானை மறைத்த கரும்புகையை உலகமே தொலைக்காட்சியில் கண்டது. கார்களிலிருந்து வெளியாகும் புகையோ எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் அது ஒவ்வொரு நாளும் வெளியாகிறது.

ஈயம் போன பின்னர்

வாகனப் புகையிலுள்ள நச்சுகளுள் முக்கியமானவை மூன்று: காபனோரொட்சைட்டு, எரியாது எஞ்சிய ஐதரோகாபன், நைதரசன் ஒட்சைட்டு. இம்மூன்றையும் புகைக்குழாயிலேயே அழிக்கும் சாதனம்தான் கற்றலிற்றிக் கொன்வேற்றர் என்பது. எஞ்சினுக்கும் சைலென்சருக்கும் இடையில், வண்டியின் அடிப்புறத்தில் பொருத்தப்படும் உருக்குப் பெட்டி அது. அதனுள்ளே தேன்கூடு போன்று நுண்ணிய துளைகள் நிறைந்த பீங்கான் கட்டை உண்டு. அத்துளைகளின் சுவரில் பிளாற்றினம், பலேடியம், றோடியம் ஆகிய அரிய உலோகங்கள் மிக மெல்லிய படலமாகப் பூசப்பட்டுள்ளன. சூடேறிய நிலையில் இவ்வுலோகங்கள் ஊக்கியாகத் தொழிற்பட்டு, நச்சு வாயுக்களைக் காபனீரொட்சைட்டு, நீராவி, நைதரசன் என மாற்றிவிடுகின்றன.

இச்சாதனத்தின் பரம எதிரி ஈயம். பிரெஞ்சுக்காரரான இயூஜின் ஊத்ரி 1950களில் அமெரிக்காவில் இத்தகைய சாதனத்தை உருவாக்கியபோதிலும், அக்காலப் பெற்றோலில் கலக்கப்பட்ட ஈயம் ஊக்கி உலோகத்தின் மீது படிந்து அதனைச் செயலிழக்கச் செய்தமையால் அது பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. 1975 ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் தொடங்கி அமெரிக்காவில் கொன்வேற்றர் பொருத்தப்பட்டபோது, ஈயமற்ற பெற்றோலும் கூடவே விற்பனைக்கு வந்தது. ஈயம் கலந்த பெற்றோலைத் தவறுதலாக நிரப்பிவிடாதபடி, புதிய கார்களின் தாங்கி வாய் ஒடுக்கமாக அமைக்கப்பட்டது.

வளைகுடாவின் நிலை வேறு. எண்ணெய் வளம் கொழித்த இந்நாடுகளில் ஈயம் கலந்த பெற்றோலே நெடுங்காலம் விற்பனையானது. ஐக்கிய அரபு இராச்சியம் 2003 ஆம் ஆண்டு தொடக்கத்திலேயே ஈயமற்ற பெற்றோலுக்கு முழுமையாக மாறியது. அதற்கு முந்திய ஆண்டுகளில் வளைகுடாச் சந்தைக்கெனத் தயாரிக்கப்பட்ட ஜப்பானிய, அமெரிக்கக் கார்களுட் பல கொன்வேற்றர் இல்லாமலேயே வந்திறங்கின. மறுபுறத்தில், அமெரிக்காவிலிருந்து பாவித்த காராக இறக்கப்பட்டவற்றில் கொன்வேற்றர் இருந்தது. ஆயினும் ஈயப் பெற்றோலைக் குடித்த சில காலத்திலேயே அது வெறும் பெட்டியாகிவிட்டது.

இதனால் ஒரு மனப்பான்மை வேரூன்றியது. கொன்வேற்றர் என்பது எஞ்சினின் மூச்சை அடைக்கும் வீண் சுமை. அதனை வெட்டி எறிந்து நேர்க்குழாய் பொருத்தினால் வண்டி நன்றாக இழுக்கும் என்ற எண்ணமே அது. ஈயம் கலந்த பெற்றோல் பாவனையில் இருந்தபோது அதில் ஓரளவு நியாயமும் இருந்தது. பெற்றோல் மாறிய பின்னரும் அவ்வெண்ணம் பல கராஜ்களில் மாறாதிருப்பதுதான் துயரம்.

சட்டம் மாறாமல் நிற்கவில்லை. சுற்றாடலைப் பாதுகாப்பதற்கென ஐக்கிய அரபு இராச்சியம் 1999 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கூட்டாட்சிச் சட்டத்தை இயற்றியது. காற்று மாசடைதலைத் தடுப்பதற்கான அமைச்சரவைத் தீர்மானம் 2006 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கமாக வெளிவந்தது. வாகனம் வெளிவிடும் வாயுக்களுக்கும் எல்லை வகுக்கப்பட்டது. எல்லை வகுக்கப்பட்டதும், கழற்றி எறியப்பட்ட பெட்டிக்குத் திடீரென்று தேவை ஏற்பட்டது.

பஞ்சிகாவத்தையும் புதுப்பேட்டையும் ஷார்ஜாவும்

கொழும்பின் பஞ்சிகாவத்தையை அறியாத வாகனச் சொந்தக்காரர் எம்மிடையே இல்லை. சென்னையில் அதற்கு இணையானது புதுப்பேட்டை. எந்தக் காலத்து வண்டிக்கும், எந்தப் பாகத்தைக் கேட்டாலும் எடுத்துத் தரும் கடைகள் அங்கு உண்டு. ஷார்ஜாவின் பாவித்த பாகச் சந்தை இவ்விரண்டையும் விடப் பன்மடங்கு பெரியது. ஜப்பானிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கொள்கலன்களில் வரும் எஞ்சின்களும், பாதியாக அறுக்கப்பட்ட கார்களும் அங்கு மலைபோற் குவிந்து கிடக்கின்றன. உள்ளூர் வீதி விபத்துகளில் நொறுங்கிய கார்களும் அங்கேயே பிரிக்கப்படுகின்றன. ஆபிரிக்காவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் ஈராக், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்தும் வியாபாரிகள் வந்து வாங்கிச் செல்கின்றனர்.

இச்சந்தையை இழிவாக எண்ணுதல் தவறு. ஒரு கதவையோ கியர்ப் பெட்டியையோ மீண்டும் பயன்படுத்துவது புதிதாக ஒன்றை உருக்கி வார்ப்பதை விடச் சுற்றாடலுக்கு நன்மையானது. குறைந்த வருமானமுள்ளோரின் வண்டிகளை ஓட வைத்திருப்பதும் இச்சந்தைதான். பிரச்சினை புகை தொடர்பான பாகங்களில், அதிலும் குறிப்பாகக் கொன்வேற்றரில், எழுகிறது.

கதவொன்றை வாங்குபவர் அதன் நெளிவைக் கண்ணால் காண்கிறார். கியர்ப் பெட்டியின் பற்களைத் திறந்து பார்க்கலாம். கொன்வேற்றரோ நாற்புறமும் ஒட்டி அடைக்கப்பட்ட பெட்டி. அது உயிரோடு இருக்கிறதா, இறந்துவிட்டதா என்பதை வெளித்தோற்றம் கூறாது. எஞ்சின் எண்ணெயை எரித்த வண்டியிலிருந்து கழற்றப்பட்டதாயின், எண்ணெயிலுள்ள பொசுபரசும் நாகமும் ஊக்கி உலோகத்தை மூடியிருக்கும். தீப்பொறி தவறிய வண்டியிலிருந்து வந்ததாயின், எரியாத பெற்றோல் உள்ளே சென்று எரிந்து பீங்கான் கட்டையை உருக்கியிருக்கும். ஈயப் பெற்றோல் ஓடிய வண்டியிலிருந்து வந்ததாயின் சொல்லவே வேண்டியதில்லை. பழைய வண்டியொன்று பிரிக்கப்படுவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். எஞ்சின் கெட்டதே அக்காரணமாயின், அதனோடு சேர்ந்து கொன்வேற்றரும் கெட்டிருக்கவே வாய்ப்பு அதிகம்.

மேலும், ஒரு காரின் கொன்வேற்றர் அக்காரின் எஞ்சினுக்காகவே அளவிடப்பட்டது. சிறிய எஞ்சினுக்குரியதைப் பெரிய எஞ்சினில் ஒட்டினால் புகை முழுவதும் மாற்றமடையுமுன் வெளியேறிவிடும். எஞ்சினுக்கு அண்மையில் இருக்க வேண்டியதைத் தூரத்தில் ஒட்டினால் அது போதிய சூடு பெறாது. ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடேறிய பின்னரே ஊக்கி சரிவரத் தொழிற்படத் தொடங்கும்.

பிற நாட்டுச் சட்டங்கள் கூறுவது

1984 ஆம் ஆண்டில் புகைச் சோதனைத் திட்டத்தை ஆரம்பித்த கலிபோர்னியா, இவ்விடயத்தில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. பாவித்த கொன்வேற்றரை விற்பதும் பொருத்துவதும் அங்கு சட்டவிரோதம். புதிதாகச் செய்யப்பட்ட, அக்குறிப்பிட்ட வாகன மாதிரிக்கென மாநிலக் காற்றுவளச் சபை அங்கீகரித்த இலக்கம் பொறிக்கப்பட்ட பாகமே பொருத்தப்பட வேண்டும். அமெரிக்க மத்திய அரசின் விதி சற்று நெகிழ்வானது. பாவித்த கொன்வேற்றர் ஒவ்வொன்றும் தனித்தனியே சோதிக்கப்பட்டு, தேறியது எனக் குறியிடப்பட்ட பின்னரே விற்கப்படலாம் என்று 1986 ஆம் ஆண்டில் அது வகுத்தது. பாவித்த கொன்வேற்றரைச் சோதனையின்றி நம்ப முடியாது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

புலம்பெயர்ந்த எமது மக்கள் வாழும் ஏனைய நாடுகளிலும் இச்சட்டங்களின் தாக்கம் உண்டு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1999 இல் தொடங்கிய வாகனப் புகைச் சோதனை, பழைய கார் வைத்திருந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரும் தலையிடியாக இருந்தது. அது சிறு வாகனங்களுக்கு 2019 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. இலண்டன் மாநகரோ அதே 2019 ஏப்ரலில் மத்திய பகுதியில் தாழ்புகை வலயத்தை ஆரம்பித்து, 2023 ஓகஸ்ட் மாதத்தில் மாநகர் முழுவதற்கும் விரிவுபடுத்தியது. தகுதியற்ற கார் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண் செலுத்த வேண்டியுள்ளது. இந்தியாவில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெற்றோல் கார்களுக்குக் கொன்வேற்றர் கட்டாயமாக்கப்பட்டது. நாடு முழுவதிலும் ஈயப் பெற்றோல் 2000 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது.

வளைகுடா நாடுகள் கலிபோர்னியாவின் வழியை அப்படியே பின்பற்றவில்லை. பழைய வண்டி நாட்டினுள் நுழைவதைத் தடுப்பதையே அவை முதன்மையாகக் கொண்டன. சவூதி அரேபியா ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களை இறக்குமதி செய்ய அனுமதிப்பதில்லை. எரிபொருளின் தரமும் உயர்த்தப்பட்டது. 2014 ஆம் ஆண்டில் ஐக்கிய அரபு இராச்சியம் கந்தகம் மிகக் குறைந்த டீசலை அறிமுகப்படுத்தியது. ஆனால், ஏற்கெனவே நாட்டினுள் இருக்கும் பழைய வண்டியின் அடியில் என்ன பொருத்தப்படுகிறது என்பது பெரும்பாலும் கராஜ்காரரின் மனச்சாட்சிக்கே விடப்பட்டுள்ளது.

உள்ளே இல்லாத பெட்டி

புகைச் சோதனையில் தேற வேண்டுமென்ற அவசரத்தில் வருபவருக்குச் சில இடங்களில் மூன்று குறுக்கு வழிகள் காட்டப்படுகின்றன. முதலாவது, உள்ளீடு முழுவதும் இடித்து அகற்றப்பட்ட வெறும் பெட்டியைப் பொருத்துதல். கீழே குனிந்து பார்க்கும் பரிசோதகரின் கண்ணுக்குப் பெட்டி இருக்கும். பணி செய்யும் பொருள் அதனுள் இராது. இரண்டாவது, எஞ்சினுக்குச் செல்லும் பெற்றோலைச் சோதனை நாளன்று மட்டும் குறைத்து வைத்தல். மூன்றாவது, கொன்வேற்றர் கெட்டுவிட்டதை அறிவிக்கும் பின்புற ஒட்சிசன் சென்சரை இடைக்குழாய் வைத்தோ கணினிக் கட்டளையை மாற்றியோ ஏமாற்றுதல்.

மூன்று வழிகளிலும் இறுதியில் ஏமாறுபவர் காரின் சொந்தக்காரரே. பெற்றோலைக் குறைத்து ஓடும் எஞ்சின் வெப்பமேறி வால்வு எரியும். சென்சரை ஏமாற்றினால், பிழை எரியும் விளக்கு அணைந்துவிடும், பிழை அணையாது. அடுத்த ஆண்டு அதே நிலையத்துக்கு அதே அச்சத்தோடு மீண்டும் செல்ல வேண்டியதுதான்.

உள்ளீட்டை அகற்றுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரு கொன்வேற்றரில் உள்ள அரிய உலோகங்களின் நிறை சில கிராம்களே. ஆயினும் அவற்றின் விலை தங்கத்தோடு போட்டியிடுவது. 2021 ஆம் ஆண்டில் றோடியத்தின் விலை அவுன்ஸ் ஒன்றுக்கு 29,000 அமெரிக்க டொலர் வரை உயர்ந்தது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இரவோடிரவாகக் காரின் அடியை அறுத்துச் செல்லும் திருடர்கள் பெருகியதற்கும் இவ்விலையேற்றமே காரணம். சைலென்சர் மாற்றக் கொடுக்கப்பட்ட வண்டியிலிருந்து பழைய கொன்வேற்றர் அகற்றப்பட்டால் அதன் பெறுமதி யாரைச் சேர்கிறது என்பதைச் சொந்தக்காரர் கேட்டறிதல் நலம். வேலைக் கூலியை விட அதிகப் பெறுமதியுள்ள பொருள் சில வேளைகளில் கேள்வியின்றிக் கைமாறிவிடுகிறது.

அப்பெட்டியை வெட்டித் திறப்பவர் யார் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். பீங்கான் கட்டையைச் சுற்றிலும் நுண்ணிய நார்களாலான விரிப்பு உண்டு. வெட்டும்போது எழும் தூசி நுரையீரலுக்குக் கேடானது. முகமூடியின்றி அப்பணியைச் செய்பவன் தென்னாசியாவின் ஏதோவொரு கிராமத்திலிருந்து கடன்பட்டு வந்த இளைஞன். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஆம் ஆண்டில் உறுதியாக வகைப்படுத்தியது. கராஜில் நாள் முழுவதும் நிற்பவனே அப்புகையின் முதற்பலி.

எதை வாங்கலாம், எதை வாங்கலாகாது

பழைய கார் வைத்திருப்போர் புகைச் சோதனையில் தவறியதும் உடனே கொன்வேற்றரைக் குறைகூறுவது வழக்கம். இது பெரும்பாலும் தவறான தொடக்கம். கொன்வேற்றர் தானாகக் கெடுவது குறைவு. அதைக் கெடுப்பது எஞ்சினே. தேய்ந்த தீப்பொறிச் செருகி, அடைபட்ட காற்று வடிகட்டி, கெட்ட ஒட்சிசன் சென்சர், ஒழுகும் இன்ஜெக்ரர் ஆகியவற்றை முதலில் சீராக்காமல் புதிய கொன்வேற்றரையே பொருத்தினாலும் அதுவும் சில மாதங்களில் கெட்டுப்போகும்.

பாவித்த பாகங்களுள் தயக்கமின்றி வாங்கத்தக்கவை சில உண்டு. உலோகத்தாலான உள்ளெடுப்புக் குழாய், புகை வெளியேற்றும் வார்ப்புக் குழாய், காற்றுப் பம்பி ஆகியன வெடிப்பின்றி இருந்தால் பயன்படும். பழைய மாதிரிக் காரின் காபரேற்றரைக் கழுவி, புதிய ரப்பர்களும் ஊசிகளும் இட்டால் நன்கு உழைக்கும். புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பி நைதரசன் ஒட்சைட்டைக் குறைக்கும் வால்வு பெரும்பாலும் கரி அடைபட்டே செயலிழக்கிறது. வேறொன்றை வாங்குமுன் இருப்பதைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்ப்பதே அறிவுடைமை.

ஒட்சிசன் சென்சர் தேய்ந்து தீரும் பொருள். பாவித்ததை வாங்குவது எரிந்து முடியும் மெழுகுதிரியை வாங்குவது போன்றது. எஞ்சின் வளியை உள்ளிழுக்கும் சிறு வால்வு புதிதாகவே மலிவான விலைக்குக் கிடைக்கும். பெற்றோல் ஆவிக் குழாய்களும் ரப்பர்க் குழாய்களும் வளைகுடா வெயிலில் விரைவில் வெடிப்பவை. அவற்றைப் பாவித்ததாக வாங்குவது புகைப் பிரச்சினை மட்டுமன்று, தீ அபாயமுமாகும். பெற்றோல் தாங்கியிலிருந்து எழும் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிக்கலம், பெற்றோலில் ஊறி நனைந்திராவிட்டால் பயன்படலாம். வெயிலில் நிற்கும் காரிலிருந்து, எஞ்சின் ஓடாதபோதும் பெற்றோல் ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஓசோன் உருவாவதற்கு அதுவும் ஒரு மூலப்பொருள்.

கொன்வேற்றரை வேறு வழியின்றிப் பாவித்ததாகவே வாங்க நேர்ந்தால், அதே மாதிரி, அதே எஞ்சின் கொண்ட வண்டியிலிருந்து கழற்றியதா என்பதை உறுதி செய்ய வேண்டும். கையால் தட்டும்போது உள்ளே கலகலவென்று ஒலித்தால் பீங்கான் உடைந்துவிட்டது என்று பொருள். ஒரு முனையில் வெளிச்சம் பாய்ச்சி மறுமுனையில் பார்த்தால் துளைகள் உருகி அடைபட்டிருப்பது தெரியவரும். இவை செத்ததைக் கண்டறிய உதவுமேயன்றி, உயிரோடிருப்பதை உறுதிப்படுத்தா. பொருத்திய பின்னர் வாயுச் சோதனைக் கருவியால் அளந்து பார்ப்பதே உறுதி. தேறாவிட்டால் மீளப்பெறுவேன் என்று எழுத்தில் தராத கடையில் வாங்காதிருப்பதே மேல். மலிவான விலையில் புதிதாகக் கிடைக்கும் பாகங்களிலும் போலிகள் கலந்துள்ளமையால், அங்கீகார முத்திரையைக் கவனித்தல் வேண்டும்.

கடல் கடந்து செல்லும் புகை

சோதனையில் இனித் தேறாது என்று கைவிடப்பட்ட வண்டி மறைந்துபோவதில்லை. அது கப்பலேறுகிறது. டுபாயில் 2000 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட வாகன சுதந்திர வலயத்தின் வாயிலாக, ஜப்பானியப் பழைய கார்கள் ஆபிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் மறுஏற்றுமதி செய்யப்படுகின்றன. வலப்புறச் சுக்கான் கொண்ட அக்கார்களை ஐக்கிய அரபு இராச்சியத்தினுள் பதிவு செய்ய முடியாது, ஏற்றுமதி செய்யலாம். 2015 முதல் 2018 வரையான காலத்தில் ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்கா ஆகியவற்றிலிருந்து 140 இலட்சம் பாவித்த சிறு வாகனங்கள் உலகெங்கும் ஏற்றுமதியாயின என ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அவற்றுள் மிகப் பெரிய பங்கு சென்றடைந்தது ஆபிரிக்காவையே. செல்வந்த நாட்டின் காற்று தூய்மையடைகிறது. அதன் பழைய புகை ஏழை நாட்டின் குழந்தையின் நெஞ்சுக்குள் செல்கிறது. கொன்வேற்றரிலுள்ள உலோகம் மட்டும் ஏற்றுமதிக்கு முன்பே கழற்றப்பட்டுச் செல்வந்த நாட்டிலேயே தங்கிவிடுவதும் உண்டு.

எமது தாயகத்துக்கும் இக்கதையில் பங்குண்டு. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002 ஆம் ஆண்டில் ஒழிந்தது. 2008 ஆம் ஆண்டில் வாகனப் புகைச் சோதனை ஆரம்பிக்கப்பட்டு, வருடாந்த வருமான அனுமதிப் பத்திரத்துடன் இணைக்கப்பட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டமையால் பழைய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டிய நிலை ஏற்பட்டது. தனியார் கார்களின் இறக்குமதி 2025 ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பாவித்த பாகத்தின் பெறுமதியை ஒவ்வொரு வாகனச் சொந்தக்காரரும் நன்கு உணர்ந்தார்.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இன்னுமொரு காலம் நினைவிருக்கும். 1990 ஆம் ஆண்டுக்குப் பின்னரான பொருளாதாரத் தடையின்போது, பெற்றோல் கிடைக்காமையால் ஓஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். நோயாளரையும் கர்ப்பிணித் தாயரையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றவை அந்தப் புகை கக்கிய வண்டிகளே. அன்று புகையைக் குறைகூற எவருக்கும் மனம் வந்திராது. உயிர் பிழைப்பதே முதற்கடமையாயிருந்த காலம் அது. அக்காலத்தைக் கண்ட நாமே, இல்லாதவனின் பழைய வண்டியை ஏளனம் செய்யாதிருக்கவும், அதேவேளை தேவையற்ற இடத்தில் புகை கக்குவதை நியாயப்படுத்தாதிருக்கவும் கற்றிருக்க வேண்டும்.

நீதியான வழி

புகைச் சட்டம் ஏழைக்கு எதிரானது என்ற குரல் எழுவதுண்டு. இக்குரலில் ஒரு பாதி உண்மை. புதிய கார் வாங்கக்கூடியவர் மூன்று ஆண்டுகளுக்குச் சோதனை நிலையத்தின் வாசலையே மிதிப்பதில்லை. பழைய காரோடு போராடுபவரே ஆண்டுதோறும் கட்டணமும் கூலியும் செலுத்துகிறார். மறுபாதி உண்மையோ வேறு. புகை அதிகம் சூழ்ந்த நெடுஞ்சாலை ஓரங்களிலும் கைத்தொழிற் பகுதிகளிலும் குடியிருப்பவரும் அந்த ஏழைத் தொழிலாளியே. வேலை முகாமின் யன்னலைத் திறந்தால் உள்ளே வருவது தனது கராஜில் ஓடும் வண்டிகளின் புகைதான். சட்டம் தளர்ந்தாலும் நட்டம் அவனுக்கே.

ஆகவே, தளர்த்துவதை விடத் துணைநிற்பதே நீதியான வழியாகும். பாவித்த கொன்வேற்றரை விற்பதாயின் ஒவ்வொன்றும் அளந்து குறியிடப்பட வேண்டும் என்ற விதியை ஷார்ஜாச் சந்தையிலும் நடைமுறைப்படுத்துவது முடியாத காரியமன்று. வாயுச் சோதனைக் கருவி இன்று எண்ணற்ற கராஜ்களில் உள்ளது. சோதனையில் தவறிய வண்டிக்கு வெறுமனே "தவறியது" என்று தாளில் எழுதாமல், எந்த வாயு எவ்வளவு மிஞ்சியது என்பதைத் தெளிவாகத் தந்தால், திருத்துபவர் குறுக்கு வழியை நாடாமல் உண்மைக் குறையைத் தேட முடியும். காபனோரொட்சைட்டு மிஞ்சினால் பெற்றோல் கூடியிருக்கிறது என்றும், ஐதரோகாபன் மிஞ்சினால் தீப்பொறி தவறுகிறது என்றும் அனுபவமுள்ள திருத்துநர் ஊகித்துக்கொள்வார்.

வளைகுடாவின் கராஜ்களில் எமது இளைஞர் பலர் தொழில் கற்கின்றனர். அவர்களது கைத்திறனை எவரும் குறைகூற முடியாது. வெறும் பெட்டியை ஒட்டித் தருமாறு கேட்டு வரும் வாடிக்கையாளரிடம், "இது வேண்டாம், முதலில் எஞ்சினைப் பார்ப்போம்" என்று கூறும் துணிவும் அத்திறனின் ஒரு பகுதியாக வேண்டும். அவ்வாறு கூறுபவரின் கராஜுக்கே அந்த வாடிக்கையாளர் அடுத்த ஆண்டும் வருவார்.